ஓடாத குதிரையின் விலை

விற்பனை விளம்பரங்களைப் படிப்பதைப் போன்ற ரஸமான பொழுதுபோக்கு வேறொன்று இல்லை என்பது நமது நெடுநாளைய அபிப்பிராயம். கதையில் ஆசிரியர் சொல்ல விரும்பியது மட்டுமே இருக்கும். விளம்பரத்திலோ, விற்பவர் சொல்ல விரும்பாததும் ஏதோ ஒரு மூலையிலிருந்து எட்டிப் பார்க்கும்.

இத்தாலி தேசத்துப் பழைய பந்தய மோட்டார் சைக்கிள்களைப் பற்றி அவ்வப்போது வெளிவரும் விளம்பரங்கள் இவ்விஷயத்தில் தனிச் சிறப்பு வாய்ந்தவை. வண்டியின் வேகம், பலம், அழகு யாவற்றையும் வர்ணித்துவிட்டு, மகுடம் வைத்தாற்போல் கடைசியில் ஒரு வாக்கியம் வரும்: இவ்வண்டி அநேகமாக ஓட்டப்படவே இல்லை! அந்த ஒரு வாக்கியத்திற்காகவே விலை இரட்டிப்பாகிறது என்று சொன்னாலும் பெரிய பிசகில்லை.

குதிரைச் சந்தையில் ஒருவன் நின்றுகொண்டு, “ஐயா, இந்தக் குதிரை பிறந்தது முதல் ஒரு நாளும் ஓடியதில்லை; ஆகையால் பத்து மடங்கு விலை கொடுங்கள்” என்று கேட்டால் அவனை என்ன செய்வார்கள் என்பதை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம். ஆனால் யந்திரக் குதிரைச் சந்தையில் அவனே சாமர்த்தியசாலி. இந்த விசித்திரத்தைக் கொஞ்சம் ஆராய்ந்து பார்க்கலாம் என்று நமக்குத் தோன்றியது. பொதுப்படையாகப் பேசினால் பேச்சு வளருமே தவிர விஷயம் விளங்காது. ஆகையால் ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். அதுதான் 1974-ஆம் வருஷத்து டுகாட்டி 750 சூப்பர் ஸ்போர்ட்.

பொலோனா நகரத்தை அடுத்த போர்கோ பனிகாலே என்னுமிடத்தில் இருக்கிறது டுகாட்டித் தொழிற்சாலை. இந்த ஸ்தாபனம் மோட்டார் சைக்கிள் செய்வதற்காகப் பிறந்ததன்று. 1926-இல் டுகாட்டி சகோதரர்கள் அதை ஆரம்பித்தபோது அங்கே தயாரானவை ரேடியோவுக்கு வேண்டிய உறுப்புகள். இரண்டாவது உலக யுத்தத்தில், 1944 அக்டோபரில், ஆகாய விமானங்கள் குண்டு போட்டுத் தொழிற்சாலையைத் தரைமட்டமாக்கின. யுத்தம் முடிந்தபோது இத்தாலி ஜனங்களிடம் காசும் இல்லை, பெட்ரோலும் இல்லை. இருந்தது சைக்கிள் மட்டுந்தான். அந்தச் சைக்கிளிலேயே மாட்டிக்கொள்ளக்கூடிய ஒரு சின்னஞ்சிறு என்ஜினை 1946 முதல் டுகாட்டியார் செய்து கொடுத்தார்கள். அதற்குப் பெயர் ‘குச்சோலோ’. நாய்க்குட்டி என்று அர்த்தம். அந்த நாய்க்குட்டி போட்ட கூச்சலில்தான் இடிந்து கிடந்த தொழிற்சாலை மறுபடியும் கண் விழித்தது.

1954-இல் பாபியோ தல்யோனி என்னும் யந்திர நிபுணர் வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு முப்பது வருஷ காலம் டுகாட்டியின் சரித்திரம் என்பது இம்மனிதருடைய வரைபலகையின் சரித்திரமே. அவருடைய பெயரோடு சேர்ந்து விளங்குவது ‘டெஸ்மோ’ என்னும் ஏற்பாடு. அது என்ன என்பதைச் சொல்லாமல் மேலே போவது நியாயமாகாது.

பெட்ரோல் என்ஜினில் காற்றும் எரிபொருளும் உள்ளே வருவதற்கு ஒரு கதவும், எரிந்த புகை வெளியே போவதற்கு ஒரு கதவும் உண்டு. இவையே வால்வுகள். மற்ற என்ஜின்களில் கதவைத் திறப்பதற்கு ஓர் ஆள் இருக்கிறான். மூடுகிற வேலை ஸ்பிரிங்கினுடையது. மெதுவாக ஓடும்வரை இந்த ஏற்பாட்டில் குறையில்லை. நிமிஷத்துக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் தடவை சுழலும்போது, கதவு மூடி முடிவதற்குள் மறுபடியும் திறக்க வேண்டிய வேளை வந்துவிடுகிறது. ஸ்பிரிங் திணறுகிறது, வால்வு மிதக்கிறது, சமயத்தில் பிஸ்டனோடு மோதி அனர்த்தமும் விளைகிறது. தல்யோனி ஸ்பிரிங்கை நம்பவில்லை. திறப்பதற்கு ஓர் ஆள் இருப்பதுபோல் மூடுவதற்கும் ஓர் ஆளை நியமித்தார். அதாவது, மற்றொரு நெம்புகோல் வால்வைப் பிடித்து இழுத்து மூடும். யோசனை அவருக்கு முன்பே பிறருக்கும் தோன்றியதுண்டு. பென்ஸ் கார்க்காரர்கள் 1954-இல் தங்கள் பந்தயக் கார்களில் அதைக் கையாண்டு வெற்றியும் பெற்றார்கள். ஆனால் பிறகு கைவிட்டுவிட்டார்கள். தல்யோனி 1956-இல் தம்முடைய 125 ஸி.ஸி. பந்தய வண்டியில் அதை வைத்தார். அது ஸ்வீடன் தேசத்துக் கிராண்ட் பிரீ பந்தயத்தில் முதன் முதலாக இறங்கி, இறங்கிய அன்றே ஜயித்தது. அன்று பிடித்ததை டுகாட்டியார் எளிதில் விடவில்லை.

1970-இல் தல்யோனி பெரிய என்ஜின் ஒன்றை வரையத் தொடங்கினார். இரண்டு சிலிண்டர்கள், ஒன்று முன்பக்கமாகக் கிட்டத்தட்டப் படுத்திருக்கும், மற்றொன்று நிமிர்ந்து நிற்கும். நமது ‘ட’ என்ற எழுத்தை எழுதிப் பார்த்தால் அந்த என்ஜினின் உருவம் வந்துவிடும். இப்படிச் செங்கோணத்தில் அமைத்தால் ஒரு பிஸ்டனின் குலுக்கலை மற்றொரு பிஸ்டன் பெரும்பாலும் சமன் செய்துவிடுகிறது. 1971-இல் இந்த என்ஜினோடு 750 ஜீ.டி. என்னும் சாந்தமான வண்டி விற்பனைக்கு வந்தது.

அந்தச் சாந்தமான வண்டியை எடுத்துக்கொண்டுதான் 1972 ஏப்ரல் 23-ஆம் தேதி டுகாட்டியார் இமோலா பந்தயத்துக்குப் போனார்கள். அமெரிக்காவில் டேடோனாவில் நடக்கும் இருநூறு மைல் பந்தயத்தைப் பார்த்து இத்தாலியர் முதன் முதலாக ஏற்படுத்திய பந்தயம் அது. பெரிய ஓட்டக்காரர்கள் பலர் டுகாட்டியை ஓட்டச் சம்மதிக்கவில்லை. ஆங்கிலேயரான பால் ஸ்மார்ட்டுக்குச் செய்தி போனபோது அவர் அமெரிக்காவில் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி மாகி, கணவரைக் கேட்காமலே “சரி, வருவார்” என்று பதில் சொல்லிவிட்டார். வீட்டில் முடிவான பிறகு ஆண்பிள்ளைகளுக்குத் தனி அபிப்பிராயம் ஏது? ஸ்மார்ட் வந்து வண்டியைப் பார்த்தார். நீளமான உடம்பு; சாலை வண்டியின் சட்டம்; நடுத்தாங்கியை மாட்டும் காதுகளைக்கூட அறுத்தெறியவில்லை. இதுவா பந்தய வண்டி என்று அவருக்குச் சந்தேகம் வந்ததில் வியப்பில்லை. ஓட்டிப் பார்த்த பிறகே சந்தேகம் தீர்ந்தது.

பந்தயத்தின் ஆரம்பத்தில் எம்.வி. அகுஸ்தாவில் வந்த ஜாகோமோ அகோஸ்தினி முன்னே சென்றார். அவர் உலக சாம்பியன், இத்தாலியின் கண்மணி. ஆனால் இரண்டு டுகாட்டிகளும் அவரைத் தாண்டின. பிறகு அவருடைய வண்டி பழுதாகி நின்றும் போயிற்று. ஸ்மார்ட்டும் அவருடைய சகாவான புரூனோ ஸ்பஜ்ஜாரியும் கடைசிவரை ஒட்டி உரசிக்கொண்டு வந்தார்கள். முடிவில் ஸ்பஜ்ஜாரியின் தொட்டியில் பெட்ரோல் வற்ற, ஸ்மார்ட் முதலாவதாக வந்தார். அன்று அவருக்கு இருபத்தொன்பதாவது பிறந்த நாள். முதல் இரண்டு ஸ்தானமும் டுகாட்டிக்கே. ஜப்பானியரும், ஆங்கிலேயரும், ஜெர்மானியரும் வந்திருந்த பந்தயத்தில், யாரும் பொருட்படுத்தாத பொலோனாத் தொழிற்சாலைக்கு ஒரே பிற்பகலில் உலகப் பெயர் கிடைத்துவிட்டது.

அந்த வண்டியைப் போலவே ஒன்று எங்களுக்கும் வேண்டும் என்று ரசிகர்கள் கேட்டதற்கு இரண்டு வருஷம் கழித்து வந்த பதில்தான் 750 சூப்பர் ஸ்போர்ட். 1974-இல் செய்யப்பட்டவை மொத்தம் 401 என்று கணக்கு. நீலமும் பச்சையும் கலந்த விசித்திரமான வர்ணத்தில் சட்டம், வெள்ளிநிற மேலுடல், பந்தய வண்டிபோல் பாதி உடம்பை மறைக்கும் காற்றுமறைப்பு, ஒரே ஒருவர் உட்காரக்கூடிய இருக்கை, முன்னே இரண்டு, பின்னே ஒன்று என்று மூன்று தட்டுப் பிரேக்குகள். பெட்ரோல் தொட்டி கண்ணாடி நாரினால் ஆனது. அதன் பக்கத்தில் வர்ணம் பூசாமல் ஒரு நெடுங்கோடு விட்டிருப்பார்கள். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறதென்று அதன் வழியாகக் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். பந்தயத்தின் நடுவில் மூடியைத் திறந்து பார்க்க முடியாதல்லவா?

எது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொத்தானை அழுத்தினால் கிளம்பும் வசதி இல்லை. காலால் உதைத்தே கிளப்ப வேண்டும். திரும்பும் திசையைக் காட்டும் விளக்குகள் இல்லை. கைப்பிடிகள் தாழ்ந்திருப்பதால், ஓட்டுகிறவர் தண்டனிடுவதுபோல் குனிந்தே போக வேண்டும். ஊருக்குள் காய்கறி வாங்கப் போவதற்கு இதைவிடப் பொருத்தமில்லாத வாகனத்தை ஒருவர் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் நீண்ட வளைவில், மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில், தண்டவாளத்தில் போவதுபோல் அசையாமல் போகும். நேர்பாதையில் இருநூறைத் தாண்டும்.

அந்த என்ஜினைக் கோப்பது பெரும் பாடு. மேலேயுள்ள வால்வுகளை இயக்குவதற்குச் சங்கிலி இல்லை. செங்குத்தான தண்டுகளும் சாய்வான பல்சக்கரங்களுமே உண்டு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் மெல்லிய தகடுகளை வைத்து, எடுத்து, அளந்து, மறுபடியும் வைத்துத்தான் பற்களைப் பொருத்த வேண்டும். கைப்பழக்கமுள்ள தொழிலாளி பொறுமையோடு செய்ய வேண்டிய வேலை. இதற்காகும் செலவைத் தாங்காமலே பின்னாளில் டுகாட்டியார் ரப்பர்ப் பட்டைக்கு மாறினார்கள். 1975-இலேயே என்ஜினின் வெளிமூடிகள் உருண்டை வடிவம் மாறிச் சதுரமாகிவிட்டன. ஆகையால் உருண்டை மூடியும் டெஸ்மோ ஏற்பாடும் ஒருங்கே அமைந்த 750 வேண்டுமென்றால் அந்த 401-க்குள்தான் தேட வேண்டும்.

உள்ளே இவ்வளவு நுட்பம் செய்தவர்கள் வெளியே செய்த வேலையைப் பார்த்தால் சிரிப்பு வரும். கண்ணாடி நார் வேலை கரடுமுரடு. பிசின் ஓரங்களில் வழிந்து உறைந்திருக்கும். வர்ணம் ஓரிடத்தில் கனம், ஓரிடத்தில் மெலிவு. அக்காலத்து டுகாட்டித் தொட்டி ஒன்றில் ஒரு பாவப்பட்ட ஈ பிசினுக்குள் அகப்பட்டு அப்படியே உறைந்து போயிருந்ததாக ஒரு கதைகூட ரசிகர்களிடையே உண்டு. இது வேடிக்கைக்காக மட்டும் சொல்லவில்லை. வாங்குகிறவர்களுக்கு இதில் ஒரு பிரயோஜனம் இருக்கிறது. இன்று பழைய வண்டிகளைப் புதுப்பிக்கிறவர்கள் தொழிற்சாலையே கனவு காணாத பளபளப்பைக் கொடுத்துவிடுகிறார்கள். கண்ணாடிபோல் ஜொலிக்கும் 750 சூப்பர் ஸ்போர்ட்டைக் கண்டால் அது தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்தில் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். உண்மையில் தொடப்படாத வண்டி கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கும். அந்த அசிங்கத்துக்குத்தான் பணம்.

பணம் என்றால் எவ்வளவு? ஏலங்களில் ஒரு லட்சம் டாலருக்கு மேலேயே போயிருக்கிறது. ஓட்டப்படாத வண்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

இவ்வளவு பணம் புழங்குமிடத்தில் புரட்டும் புழங்கத்தானே செய்யும்? 750 ஜீ.டி.யும் 750 ஸ்போர்ட்டும் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டவை. உருண்டை மூடி அவற்றுக்கும் உண்டு. அவற்றில் ஒன்றை வாங்கி, சட்டத்துக்கு நீலப்பச்சை பூசி, வெள்ளிநிற மேலுடலை மாட்டிவிட்டால் தூரப் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. உள்ளே ஸ்பிரிங் இருக்கிறதா, டெஸ்மோ இருக்கிறதா என்பதை மூடியைக் கழற்றினால்தான் அறியலாம். சட்டத்திலும் என்ஜினிலும் பொறித்த எண்களை இவ்வண்டிகளின் ஜாதகம் தெரிந்தவர்களிடம் காட்டிச் சரிபார்க்காமல் காசை வெளியே எடுப்பது பைத்தியக்காரத்தனம். ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரையோ நம்பவே கூடாது. அதை ஓட்டுவது ஒரு மெல்லிய கம்பி. அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டால் வண்டி காசிக்குப் போய் வந்தாலும் மீட்டர் வாய் திறக்காது. கால் வைக்கும் ரப்பரின் தேய்மானம், உதைகோலின் மழுக்கம், பிரேக்குத் தட்டில் விழுந்த வரிகள், இவைதான் சாட்சி சொல்லும். அவற்றையும் மாற்றி வைக்கிற கெட்டிக்காரர்கள் உண்டு என்பது வேறு விஷயம்.

சரி, எண்களும் ஒத்துப் போயின. சாட்சிகளும் உண்மை பேசின. ஐம்பது வருஷமாக ஓடாத அசல் வண்டியே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கிடைத்தது என்ன?

ஓடாத யந்திரம் தேயாது என்று நினைப்பது பெரும் பிரமை. என்ஜினில் மேலே ஏறிய எண்ணெய் சில மாதங்களில் கீழே வடிந்துவிடுகிறது. பிறகு சிலிண்டரின் சுவரும், வால்வை இயக்கும் உறுப்புகளும் காற்றிலுள்ள ஈரத்துக்கு இரை. கார்புரேட்டரில் நின்ற பெட்ரோல் பிசினாகி ஊசித் துவாரங்களை அடைத்துக்கொள்கிறது. முன்கவையிலுள்ள ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கின்றன. டயர் பார்வைக்குப் புதிதாக இருக்கும். ஆனால் கல்லாக இறுகியிருக்கும். அந்த டயரோடு ஈரச் சாலையில் ஒரு வளைவு திரும்பினால் வண்டியோடு ஆளையும் பொறுக்க வேண்டியதுதான்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது என்ஜினின் அடிவயிற்றில் இருக்கிறது. இந்த டுகாட்டிகளில் கிராங்க் தண்டு பல துண்டுகளை அழுத்திச் சேர்த்துச் செய்தது. நடுவே இரண்டு பிஸ்டன் தண்டுகளையும் தாங்குவது உருளைப் பேரிங். ஒரே நிலையில் வருஷக்கணக்காக நின்றால் அந்த உருளைகளில் துருப்புள்ளி விழக்கூடும். வெளியே ஒன்றும் தெரியாது. கிளப்பி ஓட்டும்போது அந்தப் புள்ளியிலிருந்து உலோகம் உதிரத் தொடங்கும். மாற்ற வேண்டுமென்றால் என்ஜினைப் பிளந்து, கிராங்க்கை யந்திரத்தில் வைத்து அழுத்திப் பிரிக்க வேண்டும். ஆக, ஐம்பதினாயிரம் கிலோமீட்டர் ஒழுங்காக ஓடி, ஒழுங்காக எண்ணெய் மாற்றப்பட்ட வண்டி, ஐந்நூறு கிலோமீட்டர் ஓடி உறங்கிய வண்டியைவிட ஆரோக்கியமாக இருக்கலாம். சந்தையில் மட்டும் முன்னதற்கு விலை குறைவு.

இந்தப் பெருமைவாய்ந்த 401-இல் ஒன்றுக்கு நேர்ந்த கதியைக் கேளுங்கள். ‘ஸைக்கிள்’ என்னும் அமெரிக்கப் பத்திரிகையின் ஆசிரியர் குக் நீல்ஸன் தம்முடைய 750 சூப்பர் ஸ்போர்ட்டைத் திரை போட்டு மூடி வைக்கவில்லை. சக ஆசிரியரான பில் ஷில்லிங்கோடு சேர்ந்துகொண்டு அதைக் குடைந்தார், அறுத்தார், மாற்றினார். 750 ஸி.ஸி. என்ஜின் 883 ஸி.ஸி. ஆயிற்று. வருஷம் வருஷமாகப் பந்தயத்தில் விட்டு, உடைந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். 1977-இல் டேடோனாவில், தொழிற்சாலைப் பணமும் பட்டாளமும் வைத்திருந்தவர்களுக்கு முன்னே, இந்தப் பத்திரிகாசிரியர் ஸூப்பர்பைக் பந்தயத்தில் முதலாவதாக வந்தார். பேனா பிடிக்கிற வர்க்கத்தைச் சேர்ந்தவர் ஒருவர் இப்படிச் செய்தார் என்பதில் நமக்குக் கொஞ்சம் அந்தரங்கமான கர்வம் உண்டு. விளம்பர பாஷையில் பார்த்தால் அவர் செய்தது மஹா பாதகம். ஒரு திருகாணிகூட அசல் நிலையில் மிஞ்சியிராது. ஆனால் டுகாட்டி ரசிகர்களிடம் 401-இல் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால் முதலில் வாயில் வருவது அந்த வண்டிதான்.

மறுபக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது. அதை மறைப்பது சரியன்று. சட்டத்தின் வர்ணம் எப்படி இருந்தது, எந்தத் திருகாணிக்கு எந்த முலாம், எந்தக் கம்பி எந்த வழியாகப் போயிற்று என்பவற்றையெல்லாம் தொடப்படாத வண்டிகளிலிருந்தே கற்றுக்கொள்ள முடிகிறது. ஒரு முறை பூசிய வர்ணத்தைச் சுரண்டிவிட்டால் மறுபடியும் அசல் என்பது கிடையாது. ஆகையால் நாலைந்து வண்டிகளாவது தூங்கட்டும். அவை ஏட்டுச் சுவடிகளைப் போல. போர்கோ பனிகாலேயில் டுகாட்டியாருடைய பொருட்காட்சி சாலையே இருக்கிறது. அங்கே போய் ஒருவர் வேண்டிய மட்டும் தரிசனம் செய்யலாம். நமது சண்டை சுவடிகளோடு அன்று. அதே பெயரைச் சொல்லிக்கொண்டு, பங்குப் பத்திரத்தைப் போல் வண்டியை இருட்டறையில் பூட்டி வைத்து, விலை ஏறினதும் மற்றோர் இருட்டறைக்கு மாற்றுகிறவர்களோடுதான். ஏதோ ஒரு வீட்டில் வீணையை வாங்கி, நரம்பு தேயுமே என்று மீட்டாமல் வைத்திருந்தால், அவர்களை ஸங்கீத ரசிகர்கள் என்று நாம் சொல்லுவதில்லையே!

பால் ஸ்மார்ட் விஷயத்தையும் சொல்லிவிடுவோம். 2006-இல் டுகாட்டியார் அவர் பெயரால் 2000 வண்டிகள் செய்து விற்றார்கள். சட்டத்துக்கு அதே நீலப்பச்சை. அவற்றிலும் பல, வாங்கின அன்றே திரைக்குள் போய்விட்டன. ஸ்மார்ட் மட்டும் வயதான காலத்திலும் வண்டியை விடவில்லை. 2021-இல், எழுபத்தெட்டாவது வயதில், சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டிச் செல்கையிலேயே விபத்தில் காலமானார்.

இத்தனையும் படித்த பிறகும், ஓடாத 750 ஒன்றை வாங்கக்கூடிய பாக்கியசாலி நம் வாசகர்களிலோ அவர்களுடைய வெளிநாட்டு உறவினர்களிலோ இருந்தால், அவர்களுக்கு ஒன்றிரண்டு வார்த்தை. ஆசைப்பட்டு முதல் நாளே உதைத்துக் கிளப்பிவிட வேண்டாம். பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, இரண்டொரு நாள் ஊறவிட்டு, பிறகு என்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். பழைய எண்ணெயை வடித்து அதில் உலோகப் பொடி மினுங்குகிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். டயர்களைத் தயவு தாட்சிணியமின்றி மாற்ற வேண்டும். அசல் டயர்தான் வேண்டுமென்றால் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். பெட்ரோல் விஷயத்தில் மிகவும் ஜாக்கிரதை. இந்நாளில் பல தேசங்களில் பெட்ரோலோடு சாராயச் சத்தான எதனாலைக் கலக்கிறார்கள். அது பழைய கண்ணாடி நார்த் தொட்டியின் பிசினை மெல்லக் கரைத்துவிடும். கரைந்த பிசின் கார்புரேட்டர் வழியாக உள்ளே போய் வால்வுகளைப் பற்றிக்கொள்ளும். எதனால் கலக்காத பெட்ரோல் கிடைக்குமிடத்தை முதலில் விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். அது கிடைக்காத ஊரில் அலுமினியத்தில் அதே அளவில் ஒரு தொட்டி செய்து மாட்டிக்கொண்டு, அசல் தொட்டியைத் துடைத்து வீட்டுக்குள் வைத்துவிடலாம். ஈ இருக்கிறதா என்றும் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.